மதுக்கடைக்கு வழி தெரியும், கூட்டத்திற்கு வழி?

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெண்களும் இருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்னும் பின்னே போனால், 2001இல் கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பகுதியில் 50க்கும் மேற்பட்டோர். எல்லாமே நமக்குப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் நடந்தவை.

ஒவ்வொரு முறையும் அதே காட்சிகளைத்தான் பார்க்கிறோம். கைதுகள், அதிகாரிகள் இடமாற்றம், இறந்தோர் குடும்பத்துக்கு நிவாரணம், சட்டமன்றத்தில் அமளி. கருணாபுரத்துக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மாநாடும் நடந்தது. இவை எல்லாம் தேவையே. மதுவிலக்கு வேண்டுமா, கடைகளைக் குறைத்தால் போதுமா என்ற விவாதமும் நடக்கட்டும். ஆனால் அந்த விவாதத்தில் ஒரு மனிதரை எல்லோருமே மறந்துவிடுகிறோம். அவர் சாகவில்லை. மருத்துவமனையில் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இனிமேல் தொடக்கூடாது என்று உண்மையாகவே நினைக்கிறார். மாலை ஆறு மணி ஆகிறது, கை நடுங்குகிறது. அவர் எங்கே போவார்?

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம். 2023-24ஆம் நிதியாண்டில் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். கடை எங்கே இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. இருட்டில் கூட்டம் நிற்கும் இடம் அதுதான். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் இடமோ வாரத்தில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள், ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் மட்டும் திறந்திருக்கும் ஓர் அறை. வாசலில் பெரிய பலகை இருக்காது. வருகிறவர்களின் பெயர் வெளியே போகக்கூடாது என்பதே அதன் முதல் விதி. ஒளிந்திருப்பது அதன் பலம், தேடுகிறவருக்கோ அதுவே பெரிய தடை.

2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடு தழுவிய ஆய்வு ஒன்று, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார் என்று கண்டது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேர் விட மனமில்லாதவர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களில் எத்தனையோ பேர் பலமுறை விட்டுப் பார்த்தவர்கள். தவக்காலம் முழுவதும் ஒரு சொட்டும் தொடாமல் இருந்து, உயிர்ப்புப் பெருவிழா அன்று மாலை தெருவில் விழுந்து கிடக்கும் நம் சகோதரரை நமக்குத் தெரியும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் நாட்களில் குடிக்காதவரையும் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் நாட்களில் குடிக்காதவரையும் தெரியும். நிறுத்த அவர்களால் முடிகிறது. நிறுத்தியபடியே இருக்கத்தான் முடியவில்லை. நேர்ச்சை முடிந்த மறுநாளுக்கு அவர்களிடம் ஏற்பாடு ஏதும் இல்லை.

இதை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். காட்டுமன்னார்கோவிலுக்கு அருகே, வீராணம் ஏரியை ஒட்டிய லால்பேட்டை. வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர்பெற்ற ஊர். ஒன்றரை நூற்றாண்டு கடந்த மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி அங்கே இருக்கிறது. இசுலாமியச் சகோதரர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது, மது அவர்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அதனால் அங்கே குடி குறைவாக இருக்கும் என்பது நல்லதே. ஆனால் அப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குக் குடிநோய் வந்துவிட்டால் அவர் யாரிடம் வாய் திறப்பார்? நம் வீடுகளில் குடிப்பவரைத் திட்டுவார்கள், பிறகு சோறும் போடுவார்கள். அவருக்கோ ஒப்புக்கொள்வதே மானப் பிரச்சினை. வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் தம்பிக்கு முகம் காட்ட முடியாது. மகளுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ள இந்து விவசாயத் தொழிலாளிக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் வெட்கத்தின் அளவில்தான் வேறுபாடு.

இவர் கூட்டம் ஒன்றைத் தேடிப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அருகில் காட்டுமன்னார்கோவில். சிதம்பரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர், கடலூர் அதற்கும் அப்பால். கூட்டங்கள் பெரும்பாலும் வேலை முடிந்த மாலை நேரத்தில்தான் நடக்கும். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிந்தால், திரும்பும் பேருந்து கிடைக்குமா என்ற கவலையோடுதான் உட்கார வேண்டும். பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் அவருக்கு மிக ஆபத்தான நேரம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. உள்ளூரிலேயே கூட்டம் நடந்தால் அவர் போகமாட்டார். யார் வீட்டுப் பையன் யார் வீட்டுக்குள் நுழைந்தான் என்று பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். யாருக்கும் தன்னைத் தெரியாத சிதம்பரமே அவருக்கு நல்லது. ஆக, தூரம் அவரைத் தடுக்கிறது, தூரமே அவருக்கு மறைவும் தருகிறது. ஊருக்கு ஊர் கூட்டம் தொடங்குவோம் என்று ஆர்வத்தில் கிளம்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த ஊரில் ஒன்று, எளிதில் போய்வரும் நேரத்தில் ஒன்று, இதுவே பெரும்பாலும் போதுமானது.

கூட்டம் கிடைக்காதபோது அந்த இடத்தை வேறு பலர் நிரப்புகிறார்கள். குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம் என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். மனம் நொந்த மனைவிமார் அதை வாங்கிக் குழம்பில் கலந்துவிடுகிறார்கள். இது கொடிய விபரீதத்தில் முடியலாம். மதுவோடு சேர்ந்தால் உடலுக்கு ஒவ்வாமல் போகும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து அதில் இருந்தால், அறியாமல் குடித்தவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மருத்துவர் அதைத் தருவதென்றால் நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடும் பரிசோதனைகளோடும்தான் தருவார். இன்னொன்று, மறுவாழ்வு இல்லம் என்ற பெயரில் அடித்துப் பூட்டி வைக்கும் இடங்கள். அங்கே நடந்த சாவுகளையும் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சரி, அந்தக் கூட்டம் என்பதுதான் என்ன? ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரில் பிறந்தது. பில் என்ற பங்குச் சந்தைத் தரகரும் பாப் என்ற அறுவை மருத்துவரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். வேலையாக ஆக்ரனுக்கு வந்த பில், போன காரியம் கெட்டுப்போய், விடுதியில் தனியாக நின்ற வேளையில், மதுக்கூடத்துக்குப் போவதா தொலைபேசியை எடுப்பதா என்று தவித்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்பிக்க முடியும் என்று தோன்றியது. தொலைபேசிப் பட்டியலில் இருந்த ஆலயங்களின் எண்களை வைத்துத் தேடி, கடைசியில் பாப்பைக் கண்டுபிடித்தார். பங்கு மக்களாகிய நமக்கு இந்தச் சிறு தகவல் முக்கியம். அந்த இயக்கத்தின் முதல் தேடலே ஓர் ஆலயத்தின் தொலைபேசி வழியாகத்தான் நடந்தது. மணி அடித்தபோது எடுத்துப் பேச அங்கே ஒருவர் இருந்தார்.

கத்தோலிக்கத் துறவிகளுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. ஆக்ரனில் புனித தோமா மருத்துவமனையில் பணியாற்றிய அருள்சகோதரி இக்னேசியா, 1939இல் பாப்புடன் சேர்ந்து குடிநோயாளிகளை உள்நோயாளிகளாகச் சேர்க்கத் தொடங்கினார். அக்காலத்தில் குடிகாரருக்குப் படுக்கை தர மருத்துவமனைகள் மறுத்தன. எனவே முதல் நோயாளியைக் கடும் இரைப்பை அழற்சி என்று எழுதிச் சேர்த்தார், பூக்களை அடுக்கி வைக்கும் சிறு அறையில் அவருக்குப் படுக்கை போட்டார். நம் ஊர்களில் இன்றும் வயிற்றுப்புண் என்று சொல்லித்தானே சேர்க்கிறோம்! இயேசு சபை அருள்தந்தை எட்வர்டு டவுலிங் 1940இல் பில்லைத் தேடிப் போய்ப் பார்த்தார். ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்து, இறுதிவரை பில்லுக்கு நண்பராக இருந்தார். ஆனால் அவர் இயக்கத்தைத் திருச்சபையின் அமைப்பாக மாற்ற முயலவில்லை. ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. கடவுளை அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் ஏற்கலாம் என்பதே அதன் நிலை. லால்பேட்டைக்காரருக்கும் அதில் நாற்காலி உண்டு என்பது இதனால்தான்.

இந்தியாவுக்கு இது 1957இல் டெல்லி வழியாக வந்தது. இன்று தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. கூட்டத்தில் பெயர்ப் பதிவேடு கிடையாது. கட்டணம் இல்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்கமாட்டார்கள், உறுப்பினர்கள் போடும் காசில்தான் வாடகையும் தேநீரும். சேருவதற்கு வேண்டிய தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. இனி வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருக்கிறேன் என்பதே பேச்சு. மறுபடி குடித்துவிட்டு வந்தவரை வெளியேற்றுவதும் இல்லை. புதிதாக வந்தவர் வாய் திறக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். பல ஆண்டு குடிக்காமல் இருக்கும் ஒரு கொத்தனாரையோ ஆசிரியரையோ அவர் முதன்முதலாகக் கண்ணால் பார்ப்பது அங்கேதான்.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சா என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. 2020இல் கோக்ரேன் என்ற உலகளாவிய மருத்துவ ஆய்வு அமைப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.யில் சேர வழிகாட்டும் முறையான சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலான பலன் தருவதாகக் கண்டது. எல்லோருக்கும் இது பொருந்தும் என்று இதற்குப் பொருளில்லை. சிலருக்கு மருந்து போதும், சிலருக்குக் கூட்டம் பிடிப்பதில்லை. ஆனால் பணமே செலவில்லாத ஒரு வழி இந்த அளவுக்குப் பலன் தருகிறது என்றால், ஏழைகள் வாழும் மாவட்டத்தில் அதை அலட்சியம் செய்ய முடியாது.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் ஒரேயடியாக வீட்டிலேயே நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அடுத்த சில நாட்களில் மனக்குழப்பமும், இல்லாததைக் காண்பதும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். 2020இல் கொரோனா ஊரடங்கில் கடைகள் திடீரென மூடப்பட்டபோது இதைக் கண்டோம். வார்னிஷ் போன்றவற்றைக் குடித்து மாண்டவர்களும் உண்டு. எனவே முதலில் மருத்துவமனை, பிறகு கூட்டம். சிதம்பரத்தில் முன்பு இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரியில் ஜிப்மரும் நம் பகுதி மக்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. இரண்டிலும் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லை.

மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று குடும்பங்கள் நினைக்கின்றன. உடலில் இருந்து மது இறங்கச் சில நாட்கள் போதும். மனிதர் திரும்புவது அதே தெருவுக்கு, அதே கடைக்கு, அதே நண்பர்களிடம். சென்னையில் 1980இல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரது நிறுவனம் 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் கிராம முகாம்களை நடத்தியது. நோயாளியைச் சென்னைக்கு இழுத்துப் போகாமல், மருத்துவக் குழு ஊருக்குப் போனது. இடமும் உணவும் ஊரார் பொறுப்பு. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து போய்ச் சந்தித்தார்கள். கொள்ளிடத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் முடிந்தது, வடக்கே நம் பகுதியில் முடியாதா?

பங்கு என்ற முறையில் நாம் செய்யக்கூடியது மிக எளிது, ஆனால் நம் பழக்கத்துக்கு மாறானது. ஓர் அறையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். நமக்கு எதைத் தொடங்கினாலும் தொடக்க விழா வேண்டும், குத்துவிளக்கு, பொன்னாடை, புகைப்படம் வேண்டும். இங்கே அவை ஆகாது. பங்குப்பேரவையில் அறிக்கை கேட்கக்கூடாது. எத்தனை பேர் வந்தார்கள், யார் யார் என்று விசாரிக்கக்கூடாது. அவர்கள் தரும் சிறு வாடகையை மறுக்கவும் வேண்டாம், தம் செலவைத் தாமே ஏற்பது அவர்கள் மரபு. ஆலய மண்டபத்தைவிடப் பங்குப் பள்ளியில் தெருவை ஒட்டிய ஒரு வகுப்பறை நல்லது. புனிதரின் சுருவத்தைத் தாண்டி உள்ளே வர ஓர் இசுலாமியச் சகோதரர் தயங்கலாம், பள்ளிக்கூடத்துக்குள் வர யாரும் தயங்குவதில்லை. நற்செய்தியில், திமிர்வாதக்காரரைத் தூக்கி வந்த நால்வர் வாசலில் கூட்டம் அடைத்திருந்ததால் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். வீட்டுக்காரர் கூரை போயிற்றே என்று சண்டைக்கு வந்ததாக அங்கே எழுதப்படவில்லை.

அருள்பணியாளர்களுக்கும் இந்த நோய் வரும் என்பதைத் திருச்சபை மறைக்கவில்லை. 2003 ஜூலை 24இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் இராட்சிங்கர் கையொப்பத்துடன் ஒரு மடல் வெளியிட்டது. மதுவால் பாதிக்கப்பட்ட குருக்கள், ஆயரின் அனுமதியோடு, நொதித்து முடியாத திராட்சைச் சாறான முஸ்தத்தைத் திருப்பலியில் பயன்படுத்தலாம் என்கிறது அம்மடல். பலிபீடத்திலேயே இந்நோய்க்கு இடம் கொடுத்துச் சட்டம் வகுத்திருக்கும்போது, பங்கு மக்கள் இதைப் பாவம் என்று மட்டும் சொல்லி ஒப்புரவு அருட்சாதனத்தோடு முடித்துக்கொள்வது போதாது.

வீட்டாரைப் பற்றியும் ஒரு சொல். குடிப்பவரின் மனைவி, தாய், பிள்ளைகளுக்காக 1951இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் உள்ளன. கணவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் மனைவி தனக்காகப் போகலாம். அவர் குடிப்பதற்குத் தான் காரணமல்ல, அவரைக் குணப்படுத்துவதும் தன் கையில் இல்லை என்று அந்தப் பெண் அறிந்துகொள்ளும் இடம் அது. மரியாயின் சேனை அக்காமார் வீடு சந்திக்கப் போகும்போது, பொறுத்துப்போ அம்மா என்று சொல்வதோடு இந்த விவரத்தையும் சொல்லலாம். அடி உதை இருக்கும் வீட்டில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் சொல்ல வேண்டும்.

ஆலய அறிவிப்புப் பலகையில் திருமண ஓலைகளுக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைத்தால் போதும்: குடியை நிறுத்த விரும்புவோர் கூட்டம், எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு. கூடவே தொடர்பு கொள்ள ஒரு எண். மாதம் ஒருமுறை யாராவது அந்த எண்ணுக்கு அழைத்து, கூட்டம் இன்னும் நடக்கிறதா, இடம் மாறிவிட்டதா என்று சரிபார்க்க வேண்டும். ஒரு முறை 25 கிலோமீட்டர் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுமுறை வரமாட்டார். வின்சென்ட் தே பவுல் சபையினர் இந்தப் பொறுப்பை ஏற்கலாம். பேருந்துக் கட்டணம் இல்லாதவருக்கு அதைக் கொடுக்கலாம். முதல் நாள் துணைக்கு ஒருவர் கூடவே போய், தேநீர்க் கடையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, திரும்பும் பேருந்தில் அவரை ஏற்றிவிட்டு வரலாம்.